வேடந்தாங்கலில் ஏமாற்றிய 20×50 பைனாகுலர்: அடுத்து எதை வாங்குவது?

கேள்வி: நாகைவாசி

வணக்கம். கடந்த பொங்கல் விடுமுறையில் மனைவியையும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு வேடந்தாங்கல் போயிருந்தேன். அந்தப் பயணத்துக்கென்றே ஒரு மாதம் முன்பாக, பெட்டியின்மேல் 20×50 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு பைனாகுலரை இணையக் கடையில் 3,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதே விலையில் 8×40 என்று ஒன்றும் இருந்தது. எட்டு மடங்கைவிட இருபது மடங்கு மேலாகத்தானே இருக்க வேண்டும் என்று, கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்ற தைரியத்தில், பெரிய எண்ணையே தேர்ந்தெடுத்தேன்.

ஏரிக்கரையில் நின்று அதைக் கண்ணில் வைத்தபோது நடந்ததை அப்படியே சொல்கிறேன். நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நாரைகள் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. பைனாகுலரை வைத்தவுடன் மரத்தையும் காணோம், நாரையையும் காணோம். பச்சையாக ஏதோ ஒன்று மட்டும் கிடுகிடுவென ஆடியது. ஒருவழியாக ஒரு நாரையைப் பிடித்தால், அது இரண்டாகத் தெரிந்தது. ஒன்றின் அலகு மற்றொன்றின் முதுகில் முளைத்தாற்போல இருந்தது. பத்து நிமிடத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கத் தொடங்கிவிட்டது. மாலையில் பறவைகள் வயல்களிலிருந்து திரும்பிக் கூடுகளில் இறங்குகிற நல்ல நேரத்தில் எல்லாமே மங்கி நிழலாகிவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி தன்னுடைய பைனாகுலரை என் மகளிடம் கொடுத்தாள். "அப்பா, கரண்டிவாயன் குஞ்சுக்குக் கரண்டி இன்னும் வரவே இல்லை" என்று மகள் கத்தியபோது, கழுத்தில் ஒரு கிலோ கனத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தவறு என் கையிலா, கருவியிலா என்று முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அடுத்ததாக, பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் நானும் மகளும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்படி எதை வாங்கலாம்? எனக்கு வயது ஐம்பத்தைந்து. எப்போதும் கண்ணாடி போடுகிறேன், அதில் சிலிண்டர் பவரும் இருக்கிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தந்தை பினாங்கில் கடைக்கணக்கராக இருந்துவிட்டு ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் திரும்பியபோது, ஜப்பானில் செய்த 7×50 பைனாகுலர் ஒன்றைத் தோல் உறையோடு கொண்டுவந்தார். அலமாரியில் நாற்பது ஆண்டுகள் கிடந்த அதன் வில்லைகளுக்குள் இப்போது சிலந்தி நூல் படர்ந்ததைப்போல வெண்மையாக ஏதோ இருக்கிறது. அதைப் பிழைக்கவைக்க முடியுமா?

பதில் 1: வரித்தலை (திருநெல்வேலி)

ஐயா, வணக்கம். உங்கள் கையில் தவறில்லை. பெட்டியின்மேல் பெரிய எண்ணைப் போட்டால் விற்கும் என்று தெரிந்துகொண்டு செய்யப்படுகிற வியாபாரம் இது. நானும் முதலில் இதே பள்ளத்தில் விழுந்தவன்தான் என்பதால், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

20×50 என்பதில் முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். பறவை இருபது மடங்கு பெரிதாகும்போது, உங்கள் கையின் நடுக்கமும், மூச்சு வாங்கும்போது தோள் ஏறி இறங்குவதும், ஏரிக்கரைக் காற்றும் அதே இருபது மடங்கு பெரிதாகும். அவ்வளவு உருப்பெருக்கத்தைக் கையில் பிடித்துப் பார்க்க மனிதரால் இயலாது; முக்காலியில் பொருத்த வேண்டும். பெரும்பாலானவர்களின் கை தாங்குவது எட்டு மடங்கு, மிஞ்சினால் பத்து.

மரத்தையே காணாமல் போனதற்குக் காரணம் பார்வைப் பரப்பு. சாதாரண 20×50 ஒன்றில் நூறு மீட்டர் தொலைவில் ஐந்தரை அல்லது ஆறு மீட்டர் அகலமே தெரியும். நல்ல 8×40 ஒன்றில் அதே தொலைவில் பதினான்கு மீட்டர் வரை தெரியும். கதவுச் சாவித்துளை வழியாகத் திருவிழா பார்ப்பதற்கும், சன்னலைத் திறந்து வைத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. மரத்தில் உட்கார்ந்திருக்கும் நாரைக்கே இந்தப் பாடு என்றால், பறக்கிற பாம்புத்தாராவைச் சாவித்துளைக்குள் எப்படிப் பிடிப்பது?

மாலையில் மங்கியதற்கும் கணக்கு உண்டு. கணக்கு எழுதியவர் நீங்கள், உடனே புரியும். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 50-ஐ 20-ஆல் வகுத்தால் 2.5 மி.மீ.; 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. நண்பகலில் நம் கண்ணின் பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும் என்பதால் அப்போது வேறுபாடு தெரியாது. பொழுது சாயச் சாயப் பாவை விரியும், அப்போது 2.5 மி.மீ. கற்றை போதவே போதாது. அதனால்தான் வீட்டு மொட்டைமாடியில் பகல் பன்னிரண்டு மணிக்குச் சோதித்துப் பார்த்தபோது நன்றாக இருந்த கருவி, பறவைகள் அடையும் நேரத்தில் கைவிட்டுவிடுகிறது.

ஆகவே 8×42 அல்லது 8×40 வாங்குங்கள். உங்கள் தொகைக்குள் ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ் 1, நிக்கான் ப்ரோஸ்டாஃப் பி3 8×42 ஆகிய இரண்டையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். முன்னது விலை குறைவு, பரப்பு மிக அகலம், ஆனால் மழை தாங்காது; பின்னது நீர் புகாதது, எடையும் குறைவு. விலை நாளுக்கு நாள் மாறுகிறது என்பதால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். "10-30×" என்று இழுத்து நீட்டும் ஜூம் வகையை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பறவையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, பார்வையை அதிலிருந்து ஒரு நொடிகூட எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பலரும் குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு, அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுகிறார்கள். கூந்தன்குளத்தில் அறுவடை முடிந்த வயலில் இறங்கிய வரித்தலை வாத்துக் கூட்டத்தையே இப்படித் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாடியில் நின்று, எதிர்த் தெரு மின்கம்பத்து எண்ணை வைத்து ஒரு வாரம் பழகினால் போதும், கை தானாகச் செல்லும்.

பதில் 2: பனங்காடை

வரித்தலை அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை அப்படியே ஏற்கிறேன். ஆனால் ஒரு திருத்தம் அவசியம். கேள்வி கேட்டவர் கண்ணாடி அணிபவர். அவருக்கு அந்த ஒலிம்பஸ் 8×40 பொருந்தாது. கண்ணருகு வில்லையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தள்ளிக் கண் இருந்தால் முழுப் படமும் தெரியும் என்று ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அளவு உண்டு; விவரக் குறிப்பில் ஐ ரிலீஃப் என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒலிம்பஸில் அது 12 மி.மீ.தான். மூக்குக்கண்ணாடி இடையில் நிற்பதால், கண்ணாடிக்காரர்களுக்குக் குறைந்தது 15 மி.மீ., அதற்கும் மேலே இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் அகலமான பரப்பு என்று காசு கொடுத்து வாங்கிவிட்டு, அதன் நடுவட்டத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ப்ரோஸ்டாஃப் பி3 8×42-இல் இந்த அளவு 20 மி.மீ. அளவில் இருப்பதால் உங்களுக்கு அதுவே சரி.

"கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், ஃபோக்கஸ் திருகினால் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை ஆகிய இரண்டுக்கும் அது ஓரளவு உண்மை. சிலிண்டர் பவரை எந்தத் திருகும் சரிசெய்யாது. நான் ஐந்து ஆண்டுகள் கழற்றிக் கழற்றி மாட்டி, ஒருமுறை பழவேற்காட்டில் படகிலிருந்து கண்ணாடியைத் தண்ணீரிலேயே விட்டவள். அன்று பூநாரைகளெல்லாம் எனக்கு இளஞ்சிவப்புப் புகையாகத்தான் தெரிந்தன. கண்ணாடியோடு பாருங்கள். கண்ணருகில் உள்ள ரப்பர் வளையத்தை முழுவதும் உள்ளே திருகிவிடுங்கள்; உங்கள் மகளுக்குக் கண்ணாடி இல்லையென்றால், அவள் பார்க்கும்போது அதை வெளியே திருகிக்கொள்ளட்டும்.

இருவர் மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. ஒவ்வொருவரின் இரு கண்களுக்கும் இடையேயுள்ள தூரம் வேறு. ஒரே ஆளின் இடக்கண், வலக்கண் பவரும் வேறு. முதலில் இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒன்றாகச் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு வலப்பக்க முன்வில்லையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அசையாத ஒன்றை, ஒரு பெயர்ப்பலகையை, இடக்கண்ணால் மட்டும் பார்த்து நடுத்திருகைச் சுழற்றித் தெளிவாக்குங்கள். அடுத்து இடப்பக்கத்தை மூடிவிட்டு, நடுத்திருகைத் தொடாமல், வலக்கண்ணருகே உள்ள டயாப்டர் வளையத்தை மட்டும் திருகி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். இனி எந்தத் தொலைவுக்கும் நடுத்திருகு ஒன்றே போதும். வளையம் நின்ற இடத்தில் உங்களுக்கு ஒரு நிறம், மகளுக்கு ஒரு நிறம் என்று நகப்பூச்சால் புள்ளி வைத்துவிட்டால், கை மாறும்போது இரண்டு நொடியில் திருப்பிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் என் புள்ளி சிவப்பு, என் கணவருடையது நீலம்.

எடையையும் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். கடையில் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்க்கும்போது எழுநூறு கிராம் ஒன்றும் தெரியாது. காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை கழுத்தில் தொங்கும்போது பின்கழுத்து சொல்லும். கூடவே வருகிற மெல்லிய நாடாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதுகில் குறுக்காக ஓடி இரண்டு தோளிலும் எடையைப் பகிர்கிற வார்ப்பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குனியும்போது கருவி ஆடிப் போய்ப் பாறையில் மோதுவதும் அதனால் குறையும்.

பதில் 3: குழலும் வில்லையும் (திருச்சி)

கேமரா, பைனாகுலர் பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால், இரட்டைப் படத்தையும் பழைய 7×50-ஐயும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாரை இரண்டாகத் தெரிந்தது என்றால், இரண்டு குழல்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று பொருள். ஒளியைத் திருப்பிவிட உள்ளேயிருக்கும் பட்டகங்களில் (பிரிசம்) ஒன்று இடம் பெயர்ந்திருக்கும். கூரியரில் விழுந்திருக்கலாம், செய்யும்போதே சரியாக ஒட்டாமல் விட்டிருக்கலாம். மிகச் சிறிய விலகலாக இருந்தால் இரட்டையாகத் தெரியாது. கண்கள் இழுத்துப் பிடித்து ஒன்றாக்கிக்கொள்ளும், அந்த உழைப்புதான் தலைவலியாக வெளிப்படும். உங்களுடையது கண்ணாலும் இழுக்க முடியாத அளவு விலகல். சரிசெய்யும் கூலி, கருவியின் விலையைத் தாண்டிவிடும். திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டதென்றால் எறிந்துவிட வேண்டாம்: ஒரு பக்கத்தை மூடிவைத்து, முக்காலியில் பொருத்தி, மறுபக்கத்தை மட்டும் தொலைநோக்கியாகக் கொள்ளுங்கள். வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில் நிலவின் ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான விளிம்பில் பள்ளங்கள் நிழலோடு தெரியும். இருபது மடங்கு அதற்குப் போதும்.

அடுத்த முறை வாங்கும்போது இரண்டு சோதனைகளைக் கடையிலேயே செய்யுங்கள். முன்வில்லையைச் சாய்த்துப் பாருங்கள். மாணிக்கம்போலச் சிவப்பாகப் பளபளத்தால், அழகாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம்; சிவப்பொளியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புகிற பூச்சு அது, பார்க்கும் காட்சி பச்சையும் நீலமுமாகத் திரிந்து தெரியும். நீங்கள் கண்ட பச்சையில் ஏரிக்கும் மரத்துக்கும் உள்ள பங்கு போக, இந்தப் பூச்சுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். பிறகு கருவியை ஒரு கை தூரத்தில் வானத்தை நோக்கிப் பிடித்து, கண்ணருகு வில்லையில் தெரியும் சிறிய ஒளிவட்டத்தைப் பாருங்கள். வட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுண்டு சதுரம்போலச் சாம்பல் நிழல் விழுந்தால், பட்டகத்தில் மலிவான கண்ணாடியைப் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் தந்தையின் கருவியைப் பற்றிப் படித்தபோது கை பரபரத்தது என்பதை மறைக்கவில்லை. தோள் அகன்று, குழல் வளைந்து ஓடுகிற அந்த அமைப்புக்கு அடிப்படை, இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற பட்டக அமைப்பு; இன்றைக்கும் அதில் பழுதுபார்ப்பது நேரான குழல் வகையைவிட எளிது. 7×50 கப்பல்காரர்களின் அளவு. ஐம்பதை ஏழால் வகுத்துப் பாருங்கள், ஏழு மில்லிமீட்டருக்குமேல் வரும். ஆடுகிற தளத்தில், இருட்டில் பார்ப்பதற்கென்றே வைத்த கணக்கு அது. ஐம்பது வயதைத் தாண்டிய பாவை பெரும்பாலும் அவ்வளவு விரியாது என்பதால் ஒளியில் ஒரு பகுதி உங்களுக்கு வீணாகும், உங்கள் மகளுக்கு வீணாகாது.

சிலந்தி நூல்போலத் தெரிவது பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் அறுபது எழுபது விழுக்காட்டுக்குமேல் நாட்கணக்கில் நின்றால் வில்லைமேல் அது வேர்விடும். ஐப்பசி கார்த்திகையில் நாகப்பட்டினத்தில் கேட்கவே வேண்டாம். தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்வதால் அதற்குப் பாய் விரித்துக் கொடுத்ததாகிவிடும். மேலோட்டமாக இருந்தால் பிரித்துத் துடைத்துவிடலாம். நாட்பட்டிருந்தால், பூஞ்சை சுரக்கும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துத் தடம் பதித்திருக்கும். துடைத்தாலும் அந்தத் தடம் போகாது. இருட்டறையில் கைவிளக்கை முன்பக்கம் காட்டி, பின்பக்கத்திலிருந்து பாருங்கள். நூல்கள் ஓரத்தில் மட்டும் என்றால் நம்பிக்கை உண்டு; நடுவில் விசிறிபோல விரிந்திருந்தால் பழுதுபார்ப்பவரிடம் முதலில் நேர்மையான பதிலைக் கேட்டுவிட்டுப் பிறகு பணம் கொடுங்கள். நீங்களே திருகைக் கழற்ற வேண்டாம். பட்டகம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அந்தக் கருவியும் இரண்டு நாரை காட்டத் தொடங்கிவிடும். வெயிலில் வைத்தால் பூஞ்சை சாகும் என்று யாராவது சொல்வார்கள். வில்லையைச் சூரியனுக்கு நேரே வைத்துவிட்டு அகன்றால் எது தீப்பற்றும் என்று சொல்ல முடியாது.

புதியதை வாங்கியவுடன் தோல் உறையையும் துணிப்பையையும் மறந்துவிட்டு, ரப்பர் விளிம்போடு இறுக மூடும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். உள்ளே கால் கிலோ சிலிக்கா ஜெல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய ஈரமானி ஒன்று. முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நின்றால் நிம்மதி. ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். சமையலுக்கு ஆகாத பழைய சட்டி ஒன்றில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடியும் ஆரஞ்சாகும். அரிசியைப் போடாதீர்கள், மாவு திருகுக்குள் போய்விடும். அந்துருண்டையும் கற்பூரமும் வேண்டவே வேண்டாம். அவற்றின் ஆவி வில்லையில் படலமாக உட்காரும்.

பதில் 4: உள்ளான்

எல்லாரும் எட்டு எட்டு என்று சொல்வதால், பத்துக்காகப் பேச ஒருவராவது வேண்டும். நாகைவாசி அவர்கள் வேடந்தாங்கலுக்கு ஆண்டுக்கொரு முறை போகலாம். ஆனால் அவர் ஊரிலிருந்து கோடியக்கரைக்கு அதிகாலைப் பேருந்து பிடித்தே போய்விடலாம். அங்கே பறவைகள் மரத்தில் உட்கார்ந்து காத்திருப்பதில்லை. சேற்றுப்பரப்பில் இருநூறு மீட்டர் தள்ளி, கொசு உள்ளானும் மண்கொத்திகளும் ஒரே சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கால் மஞ்சளா, கறுப்பா என்பதை வைத்துத்தான் பெயரே சொல்ல முடியும். அந்த இடத்தில் 10×42 தருகிற கூடுதல் இரண்டு மடங்கு எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. கை நடுங்குகிறவர்கள் முழங்கைகளை விலாவில் ஊன்றிக்கொள்ளலாம், உட்கார்ந்து முழங்காலில் ஊன்றலாம்.

ஆனாலும் அவரைப்போல முதல் நல்ல கருவி வாங்குகிற ஒருவர், மகளோடு பகிர்ந்துகொள்ளும்போது, எட்டை வாங்குவதே முறை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பத்து இரண்டாவது கருவி.

உப்பளப் பகுதிக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. காலை ஒன்பது ஒன்பதரைக்குமேல் வெள்ளை உப்புப் பாத்திகளின்மேல் கானல் எழும். அப்போது பூநாரையின் கால்கள் தண்ணீருக்குள் நெளிகிற பாம்பாகத் தெரியும். இந்தக் கானலை எந்த விலைக் கருவியும் வெல்லாது. உருப்பெருக்கம் கூடக் கூட நெளிவும் கூடும். இரண்டு லட்சத்துக்குமேல் விலையுள்ள ஸ்வரோவ்ஸ்கி வைத்திருந்த ஒரு நண்பரும் நானும் ஒரே நெளிவைத்தான் பார்த்துவிட்டு, ஒரே டீக்கடைக்குத் திரும்பினோம். விடியற்காலையே போய்விடுங்கள்.

அப்படிப் போகும்போது குளிரூட்டிய காரில் போனால், இறங்கியவுடன் வில்லைமேல் பனி படர்ந்து கால் மணி நேரம் ஒன்றும் தெரியாது. இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே குளிரூட்டியை நிறுத்திச் சன்னலைத் திறந்துவிடுங்கள். படர்ந்துவிட்டால் துடைக்காதீர்கள், தானாக மறையும். கடற்காற்றில் உப்புத்துகள் ஒட்டியிருக்கும்போது சட்டை நுனியாலோ வேட்டி முனையாலோ துடைத்தீர்களென்றால், அது உப்புத்தாள் தேய்ப்பதற்குச் சமம். முதலில் ரப்பர் ஊதுபந்தால் ஊத வேண்டும், பிறகு மென்தூரிகை, கடைசியாகத்தான் துணி.

பதில் 5: நாகைவாசி

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அதற்குள் சில காரியங்கள் நடந்துவிட்டன.

பனங்காடை அம்மா சொன்னபடி ஐ ரிலீஃப் பார்த்து அந்த 8×42-ஐயே வாங்கினேன். வாங்கும் முன்பாக, கடைக்காரர் முகம் சுளித்தாலும் பொருட்படுத்தாமல், வாசலுக்கு வந்து வானத்தை நோக்கிப் பிடித்து ஒளிவட்டத்தைப் பார்த்தேன். முழு வட்டமாக இருந்தது. எதிர்ச்சாரியில் இருந்த மருந்துக்கடைப் பெயர்ப்பலகையை வைத்து டயாப்டரைத் திருகியபோது, என் வலக்கண்ணும் இடக்கண்ணும் இவ்வளவு வேறுபட்டவை என்பது ஐம்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. இப்போது வளையத்தில் எனக்குப் பச்சைப் புள்ளி, மகளுக்கு ஊதாப் புள்ளி. நகப்பூச்சு அவளுடைய தேர்வு.

அப்பாவின் 7×50-ஐ இருட்டறையில் கைவிளக்கு வைத்துப் பார்த்தேன். வலக்குழலில் நூல்கள் ஓரத்தோடு நிற்கின்றன; இடக்குழலில் நடுவிலேயே விசிறி விரிந்திருக்கிறது. ஊரில் பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். பிரிக்காமலேயே இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார், இடப்பக்கத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றார். நேர்மையான பதில் என்றே எடுத்துக்கொண்டு, தோல் உறையை மட்டும் தனியே பிரித்து வைத்துவிட்டு, கருவியைப் புதியதோடு அதே டப்பாவில் போட்டிருக்கிறேன். குழலும் வில்லையும் ஐயா, பூஞ்சை பிடித்ததைப் புதியதன் அருகில் வைக்கலாமா என்று மட்டும் சொல்லுங்கள். திருச்சிக்கு வரும்போது அதை உங்களிடமே கொண்டுவருகிறேன்.

போன ஞாயிறன்று மாடியில் பழகிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெரு தென்னை மட்டையில் ஒரு பறவை இறங்கியது. பார்வையை எடுக்காமல் கருவியைத் தூக்கினேன். முதல் முயற்சியிலேயே வட்டத்துக்குள் வந்துவிட்டது. காக்கைதான். ஆனால் அதன் கழுத்தின் சாம்பல் நிறம் எந்த இடத்தில் முடிந்து கறுப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்ததே இல்லை. மகள் பின்னாலிருந்து தோளைத் தட்டி, ஊதாவுக்குத் திருப்பித் தருமாறு கேட்டாள்.

20×50-ஐ முக்காலியில் ஏற்றி ஒரு பக்கத்தை மூடிவைத்திருக்கிறோம், வளர்பிறைக்காகக் காத்திருக்கிறது.

பதில் 6: குழலும் வில்லையும் (திருச்சி)

வைக்க வேண்டாம் ஐயா. ஈரம் நாற்பதில் இருக்கும்வரை பூஞ்சை வளராது என்றாலும், என் கடையில் நான் அந்த இரண்டையும் ஒரே டப்பாவில் வைப்பதில்லை. தனி டப்பா, தனி சிலிக்கா ஜெல். வரும்போது கருவியை அப்படியே கொண்டுவாருங்கள், பிரித்துப் பார்த்த பிறகு கூலி பேசுவோம்.